மகேந்திரன் சிரிப்பும் மலைக்கோட்டையின் மௌனமும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைக்கு நாள் தவறாமல் மக்கள் ஏறி இறங்குகின்றார்கள். படியேறுகிறவர்களில் பெரும்பாலோர் தாயுமானவரைப் பார்த்துவிட்டு உச்சிப் பிள்ளையாரிடம் போய்த் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்புகின்றார்கள். அந்த வழியிலேயே, உச்சிக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால், பாறையைக் குடைந்து செய்த குகை ஒன்று இருக்கின்றது. சுமார் 1,400 வருஷங்களுக்கு முன் பல்லவ அரசன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. அதை ஏறெடுத்துப் பார்ப்பவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதை வாசகர்களே தங்கள் அநுபவத்தைக் கொண்டு கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். அந்தக் குகையைக் குடைவித்த அரசன் ஒரு கேலி நாடகம் எழுதியவன் என்பதும், அந்த நாடகத்தில் சாமியார்களையே தெருவில் நிறுத்திச் சிரிக்க வைத்தான் என்பதும் நம் ஊராரில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்த சிலரும் அதைப் பண்டிதர் வீட்டு அலமாரிச் சரக்காகத்தான் நினைத்திருக்கின்றார்கள்.

அந்த நாடகத்தை அந்த மலையின் அடிவாரத்திலேயே, திறந்த வெளியில், தமிழில், சகலரும் உட்கார்ந்து பார்க்கும்படியாக ஏன் ஆடக்கூடாது என்பதே இந்த வாரம் நாம் கேட்க வந்த கேள்வி. இது என்ன பெரிய விஷயம் என்று சிலர் நினைக்கலாம். சிரிப்பு என்பது யாருடைய சொத்து, அதை எங்கே அநுபவிக்கலாம், யார் அநுபவிக்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருக்கின்றது என்கின்ற விஷயங்களெல்லாம் இந்த ஒரு கேள்வியில் அடங்கிக் கிடக்கின்றன. ஆதலால் சற்றுப் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

முதலில் நாடகத்தைப் பற்றிச் சொல்லுவோம். அதன் பெயர் மத்தவிலாசப் பிரகசனம். மத்தவிலாசன் என்பது மகேந்திரனுடைய பட்டப் பெயர்களில் ஒன்று. குடியர்களின் கூத்து என்றும் அதற்குப் பொருள் உண்டு. தன் பட்டப் பெயரையே கேலிக்குத் தலைப்பாக வைத்துக்கொண்ட அரசன் என்ற அளவிலேயே அவனுக்கு ஒரு மரியாதை செய்யலாம்.

கதை நடக்கும் இடம் காஞ்சிபுரம். சத்தியசோமன் என்று ஒரு காபாலிகன். மண்டையோட்டைக் கையில் ஏந்தி, அதிலேயே பிச்சை வாங்கி, அதிலேயே குடிக்கின்ற கூட்டத்தைச் சேர்ந்த சைவச் சாமியார். அவனோடு தேவசோமை என்ற பெண். இருவரும் நல்ல போதையில் கள்ளுக்கடையிலிருந்து கள்ளுக்கடைக்குப் போகின்றார்கள். போகிற வழியில் மண்டையோடு காணாமற் போய்விடுகின்றது. ஓடு போனால் சாமியாருக்கு விரதம் போயிற்று. விரதம் போனால் பிழைப்பும் போயிற்று. உடனே தேடுகின்றார்கள். அந்த ஓட்டில் வறுத்த கறி இருந்ததால் அதை எடுத்தது நாயாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பௌத்த பிக்குவாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டுகின்றார்கள்!

அந்தச் சமயம் நாகசேனன் என்று ஒரு பிக்கு அந்த வழியாக வருகின்றான். ஒரு வியாபாரி வீட்டில் மீனும் கறியுமாகக் கிடைத்த பிச்சையைச் சீவரத்துக்குள் ஒளித்துக்கொண்டு வருகின்றான். வரும்போதே தனக்குள் ஒரு ஆராய்ச்சி நடத்துகின்றான். நல்ல மாளிகையில் வாசம், மெத்தையில் படுக்கை, நல்ல சாப்பாடு இவற்றையெல்லாம் சங்கத்தாருக்கு அநுமதித்த கருணையுள்ள புத்தர், மதுவையும் மாதரையும் மட்டும் மறந்திருப்பாரா என்று அவனுக்குச் சந்தேகம். பொறாமை பிடித்த கிழட்டுப் பிக்குகள்தான் அந்த இரண்டு விதிகளையும் ஏட்டிலிருந்து நீக்கியிருக்க வேண்டுமென்றும், கலப்படமில்லாத மூல ஏட்டைத் தேடிக் கண்டுபிடித்துச் சங்கத்துக்கு உபகாரம் செய்ய வேண்டுமென்றும் தீர்மானிக்கின்றான். தோழர்களே! தனக்கு வேண்டியது சாஸ்திரத்தில் இல்லாவிட்டால், இருந்த ஏடு தொலைந்து போயிற்று என்று சொல்லும் வழக்கம் எவ்வளவு பழையது பார்த்தீர்களா?

சீவரத்துக்குள் எதையோ மறைக்கிறானே என்று காபாலிகன் அவனைப் பிடித்துக்கொள்ளுகின்றான். பிக்கு தன் பாத்திரத்தைக் காட்டுகின்றான். அது கறுப்பாக இருக்கின்றது. தொலைந்த ஓடோ வெள்ளை. ஆனால் அதனால் என்ன? திருடினவன் நிறத்தையும் மாற்றிவிட்டான் என்று காபாலிகன் சாதிக்கின்றான். பக்கத்தில் இருக்கும் தேவசோமையோ, வெள்ளை வெளேரென்று இருந்த ஓடு இந்தக் கதிக்கு ஆளாயிற்றே என்று அழுகின்றாள். நம்பிக்கை என்று ஒன்று தலையில் ஏறிவிட்டால் கண்ணெதிரே இருக்கிற அத்தாட்சியும் அதற்கு அடங்கி நிறம் மாறிக்கொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் யாரால் கொடுக்க முடியும்?

பஞ்சாயத்துக்குப் பாசுபத சாமியார் ஒருவன் வருகின்றான். அவனுக்கோ ஒரு பெண் விஷயமாகப் பிக்குவின்மேல் உள்ளூரப் பகை. மத்தியஸ்தம் என்ற பெயரில் பழி தீர்க்கப் பார்க்கின்றான். வழக்கு தீராமற் போகவே நியாயஸ்தலத்துக்குப் போவோம் என்ற பேச்சு வருகின்றது. அதற்குத் தேவசோமை, பிக்குவுக்குப் பல விகாரங்களின் பணம் இருக்கிறது, அவன் அதிகாரிகளின் வாயை நிரப்பி விடுவான், மண்டையோட்டைத் தவிர வேறு ஒன்றுமில்லாத நாம் எப்படி ஜெயிப்போம் என்று கேட்கின்றாள். ராஜ்யபாரம் செய்கிற அரசனே தன் ராஜ்யத்துக் கோர்ட்டைப் பற்றி ஒரு பாத்திரத்தை இப்படிப் பேச வைத்தான் என்றால் அது சாமானியமான காரியமல்ல.

கடைசியில் ஒரு பைத்தியக்காரன் வருகின்றான். அவன் கையில் மண்டையோடு இருக்கின்றது. நாய் ஒன்று தூக்கிக்கொண்டு போனதை அவன் பறித்து வைத்திருக்கின்றான். ஓடு உரியவனுக்குக் கிடைத்து, சண்டை தீர்ந்து, எல்லோரும் சமாதானமாகப் பிரிகின்றார்கள். ஆக, மூன்று மதச் சாமியார்களும் தங்கள் தங்கள் சித்தாந்தத்தின் பலத்தால் கண்டுபிடிக்க முடியாததை, ஊரார் பைத்தியம் என்று ஒதுக்கி வைத்த ஒருவன் நாயைப் பின்பற்றிப் போய்க் கண்டுபிடித்து விட்டான். உண்மையைக் கையில் வைத்திருப்பவனுக்கு ஊரில் என்ன பட்டம் கிடைக்கும் என்பதை மகேந்திரன் அறிந்திருக்கின்றான்.

இன்னொரு இடத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கள்ளுக்கடையைப் பார்த்த காபாலிகன் அதை வேள்விச் சாலைக்கு ஒப்பிடுகின்றான். கடையின் கம்பம் யூபஸ்தம்பம், கள்ளே சோமரசம், குடிகாரர்களே புரோகிதர்கள், போதைப் பேச்சே மந்திரம், குடித்துவிட்டுப் பாடும் பாட்டே சாமகானம் என்று வரிசையாக அடுக்குகின்றான். இதை இன்று நம் பத்திரிகையில் நாம் எழுதியிருந்தால் என்ன பேர் வாங்கியிருப்போம்? எழுதியவன் பட்டாபிஷேகம் செய்துகொண்ட ராஜாவாக இருந்தபடியால் அது இலக்கியம் என்று பெயர் பெற்றுவிட்டது.

நிற்க. அரசனைப் புகழ்ந்துவிட்டுப் போவது நம் வேலையல்ல. கணக்கில் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மகேந்திரன் யாரைக் கேலி செய்தான்? காபாலிகனை, பாசுபதனை, பிக்குவை. இவர்களுக்குச் சேனையும் இல்லை, செங்கோலும் இல்லை. அரசனையோ, அரசனுக்கு யோசனை சொன்ன பெரியவர்களையோ மேடைக்குக் கொண்டுவந்து நிறுத்தவில்லை. நியாயஸ்தலத்து லஞ்சத்தைக்கூட ஒரு பெண் வாயால் சொல்ல வைத்து, உடனே பாசுபதன் வாயால் மறுக்கவும் வைத்துவிடுகின்றான். மேலேயிருந்து கீழே பார்த்துச் சிரிப்பது சுலபம். கீழேயிருப்பவன் மேலே பார்த்துச் சிரிக்கும்போதுதான் சிரிப்புக்கு முதுகெலும்பு உண்டா என்பது தெரியும்.

அன்றியும், கதை நடப்பது காஞ்சிபுரத்துத் தெருவில். ஆனால் ஒருவர் வாயிலும் தமிழ் வருவதில்லை. சத்தியசோமனும் பாசுபதனும் சமஸ்கிருதம் பேசுகின்றார்கள். பெண்ணும் பிக்குவும் பைத்தியக்காரனும் பிராகிருதம் பேசுகின்றார்கள். ஆணுக்கும் உயர்ந்தவனுக்கும் ஒரு பாஷை, பெண்ணுக்கும் பித்தனுக்கும் வேறு பாஷை என்பது நாடக சாஸ்திரத்து ஏற்பாடு. இரண்டும் காஞ்சித் தெருவில் கள் விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் புரிந்திருக்குமா? அவர்களைப் பற்றிய நாடகம், அவர்கள் ஊர்த் தெருவிலே நடக்கிற நாடகம், அவர்களுக்கே புரியாத பாஷையில்! மகேந்திரன் சிரித்தான் என்பது உண்மை. ஆனால் மக்களை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே இருந்தவர்களோடு சேர்ந்து சிரித்தான் என்பதும் உண்மையே.

அப்படி உள்ளே வைத்த சிரிப்புக்கு என்ன கதி நேர்ந்தது என்பதையும் பார்ப்போம். தமிழ்நாட்டில் இந்த நாடகம் வழக்கொழிந்து போயிற்று. மாமண்டூர்க் கல்வெட்டில் பெயர் மாத்திரம் மிஞ்சியிருந்தது. மலையாள நாட்டில்தான் ஏடு பிழைத்தது. அதை 1917-ல் திருவனந்தபுரத்தில் த. கணபதி சாஸ்திரி அச்சிட்டார். அங்கே சாக்கியார்கள் கோயில் கூத்தம்பலத்தில் இதை ஆடியும் வந்தார்கள். ஆனால் எப்படி ஆடினார்கள்? பிள்ளையில்லாதவர்கள் பிள்ளை வேண்டிச் செலுத்தும் நேர்த்திக்கடனாக ஆடினார்கள்! சாமியார்களின் வேஷத்தைக் கலைக்க எழுதப்பட்ட நாடகம், கோயில் மதிலுக்குள் அகப்பட்டவுடன் தானே ஒரு சடங்காகிவிட்டது. மதம் தன்னை எதிர்த்தவனை அடிப்பதைவிட, அவனுக்கும் ஒரு பூசை ஏற்படுத்திவிடுவதில்தான் அதிகக் கெட்டிக்காரத்தனம் காட்டுகின்றது என்று நாம் பலமுறை சொல்லி வந்திருப்பதற்கு இது ஒரு சாட்சி.

அந்தக் கூத்தம்பலத்துக்குள் யார் போகலாம்? கோயிலுக்குள் போகும் யோக்கியதை உள்ள சாதியார் மட்டுமே போகலாம். திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936-ல். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-ல். அதுவரையில் பெரும்பாலான ஜனங்களுக்குச் சாமி தரிசனம் மட்டுமல்ல, சிரிப்புத் தரிசனமும் கிடையாது. 1949-ல் பைங்குளம் இராம சாக்கியார் என்பவர் துணிந்து தம் கூத்தைக் கோயில் மதிலுக்கு வெளியே கொண்டுவந்து ஆடினார். வைதீகர்கள் சும்மா இருந்துவிடவில்லை, அவரும் பின்வாங்கவில்லை. பின்னால் அந்தக் கூடியாட்டக் கலையை 2001-ல் யுனெஸ்கோ உலக மக்களின் பொதுச் சொத்து என்று பாராட்டியது. வெளியே கொண்டுவந்தால் தீட்டுப் பட்டுவிடும் என்றவர்களின் பேச்சைக் கேட்டிருந்தால் அந்தக் கலை உள்ளேயே மூச்சு முட்டிச் செத்திருக்கும்.

இனி ஆற்றைக் கடந்து ஸ்ரீரங்கத்துக்கு வருவோம். மகேந்திரனுடைய மலைக்கோட்டைக் கல்வெட்டு காவேரியைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்லுகின்றது. தோட்டங்களையே மாலையாக அணிந்திருக்கும் அழகிய காவேரியைக் கண்டால், நதிகளிடம் ஆசையுள்ள சிவன் மயங்கிவிடுவானோ என்று பயந்துதான் பார்வதி பிறந்த வீட்டை விட்டு வந்து இந்த மலையிலேயே காவலாகத் தங்கிவிட்டாளாம். இந்த நதி பல்லவனுக்குப் பிரியமானவள் என்று சொல்லிக்கொண்டேயிருக்கிறாளாம். இது அந்தக் கல்வெட்டின் கருத்து. அந்தத் தோட்ட மாலையின் ஒரு பகுதிதான் ஸ்ரீரங்கம். இன்றும் அங்கே மதுரகவி நந்தவனம் போன்ற பூந்தோட்டங்கள் இருக்கின்றன. பூவெல்லாம் சாமிக்கு, முள்வேலி மட்டும் மனிதனுக்கு.

ஸ்ரீரங்கத்துத் தோட்டம் என்றால் வைணவர்கள் தொண்டரடிப்பொடி ஆழ்வாரை நினைப்பார்கள். விப்ரநாராயணன் என்ற பெயரோடு நந்தவனம் வைத்துப் பூமாலை கட்டிக்கொண்டிருந்தவரை, தேவதேவி என்ற தாசி பந்தயம் கட்டி மயக்கினாள் என்பது குருபரம்பரைக் கதை. தோட்ட வேலைக்காரியாக வந்து சேர்ந்தவள் அவர் பொருளையெல்லாம் பறித்துக்கொண்டு துரத்திவிட்டாள். பிறகு ரங்கநாதரே ஒரு வேலைக்காரன் வேஷத்தில் போய், கோயிலிலிருந்த பொன் வட்டிலை அவளிடம் கொடுத்தார். விடிந்ததும் வட்டிலைக் காணோம் என்று கூச்சல். தேடினால் தாசி வீட்டில். சிறைக்குப் போனவர் விப்ரநாராயணர். அப்புறம் சாமி அரசன் கனவில் வந்து தாமே எடுத்ததாக ஒப்புக்கொண்டார்.

வாசகர்கள் இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். காஞ்சிபுரத்தில் ஒரு மண்டையோடு தொலைந்தது. ஸ்ரீரங்கத்தில் ஒரு பொன் வட்டில் தொலைந்தது. அங்கேயும் குற்றமற்றவன்மேல் திருட்டுப் பழி. இங்கேயும் குற்றமற்றவன்மேல் திருட்டுப் பழி. அங்கே எடுத்தது நாய். இங்கே எடுத்தது சாமி. அங்கே ஜனங்கள் சிரிக்க வேண்டுமென்று எழுதினார்கள். இங்கே கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டுமென்று எழுதினார்கள். வித்தியாசம் கதையிலா இருக்கின்றது? கதையை வைத்திருப்பவன் கையில் அல்லவா இருக்கின்றது?

இதற்கும் மேலே ஒன்று. பங்குனி மாதத்தில் ஸ்ரீரங்கத்தில் மட்டையடி என்று ஒரு உற்சவம் வருஷந்தோறும் நடக்கின்றது. ரங்கநாதர் உறையூருக்குப் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு இருந்துவிட்டு வீடு திரும்புகின்றார். ஸ்ரீரங்கத்து நாச்சியார் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்துகின்றாள். கணவனுக்கும் மனைவிக்கும் நடக்கும் வாதப் பிரதிவாதம் சபையில் படிக்கப்படுகின்றது. கடைசியில் நம்மாழ்வார் மத்தியஸ்தம் செய்து சமாதானம் ஏற்படுகின்றது. பக்தர்கள் கூட்டம் கூட்டமாக நின்று ரசிக்கின்றார்கள். நாம் இதைத் தவறு என்று சொல்ல வரவில்லை. நல்ல வேடிக்கை என்றே சொல்லுகிறோம். ஆனால் நாம் கேட்பதென்னவெனில், இன்னொருத்தியிடம் போய்விட்டு வந்த கணவன் தெருவாசலில் நின்று சமாதானம் சொல்லும் இதே கதையை, இதே பாத்திரங்களை வைத்து, நாலு இளைஞர்கள் சத்திரம் பஸ் நிலையத்துப் பக்கம் மேடை போட்டு நடித்தால் என்ன ஆகும்? மனம் புண்பட்டுவிட்டது என்று மறுநாள் காலையில் போலீஸ் ஸ்டேஷனில் மனு வந்து நிற்காதா? சாமியைக் கேலி செய்வது குற்றம் அல்ல என்றும், அதற்கு லைசென்ஸ் இல்லாமல் செய்வதுதான் குற்றம் என்றும் ஆகிறதா இல்லையா? அந்த லைசென்ஸ் யாரிடம் இருக்கின்றது, எந்தப் பிறப்பினால் கிடைத்தது என்பதை நாம் விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சங்கடம் நம் தேசத்துக்கு மாத்திரம் ஏற்பட்டதும் அல்ல. பிரஞ்சு தேசத்தில் 1664-ம் வருஷம் மே மாதம் பதினாலாம் லூயி மன்னன் வெர்சேல்ஸ் அரண்மனைத் தோட்டத்தில் பெரிய விழா நடத்தினான். அந்த விழாவில் மோலியேர் என்ற நாடகாசிரியர் தார்த்தூப் என்ற நாடகத்தை ஆடிக் காட்டினார். பக்தி வேஷம் போட்டுக்கொண்டு ஒரு குடும்பத்துக்குள் புகுந்து, சொத்தையும் பெண்ணையும் அபகரிக்கப் பார்க்கும் ஒரு போலிச் சாமியாரின் கதை அது. அரசன் ரசித்தான், பாதிரிமார் கொதித்தார்கள். அரண்மனை விழாவில் ஆடலாம், ஆனால் ஊர் ஜனங்கள் முன்னிலையில் ஆடக்கூடாது என்று தடை பிறந்தது. அந்தத் தடை பூரணமாக நீங்க 1669 ஆயிற்று. மோலியேர் 1673-ல் இறந்தபோது, நாடகக்காரர் என்பதற்காகச் சவ அடக்கத்துக்கும் பாதிரிமார் தடை சொல்லி, அரசன் தலையிட்ட பிறகு இரவு நேரத்தில் அடக்கம் நடந்தது. ராஜாவின் தோட்டத்தில் சிரித்தால் ரசனை; தெருவில் சிரித்தால் நாஸ்திகம்! காஞ்சிக்கும் வெர்சேல்ஸுக்கும் கடல் கடந்த தூரம். ஆனாலும் பூட்டும் ஒன்றே, சாவி வைத்திருப்பவர்களின் குணமும் ஒன்றே.

நம் நாட்டில் அந்தப் பூட்டுக்குச் சட்டம் என்று பெயர் வைத்தார்கள். கல்கத்தாவில் வெள்ளைக்காரரைக் கேலி செய்து நாடகம் போட்டார்கள் என்று 1876-ல் வெள்ளைக்காரன் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தான். வெள்ளைக்காரன் போன பிறகாவது அது போயிற்றா? எம்.ஆர். ராதாவின் இராமாயண நாடகம் வைதீகர்களைக் கலக்கிய காலத்தில், 1954-ல், சென்னை ராஜ்யத்தில் புதிதாக இன்னொரு நாடகச் சட்டம் பிறந்தது. நாடகத்தின் எழுத்துப் பிரதியை முன்கூட்டியே அதிகாரிகள் கேட்டு வாங்கிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் தடுக்கலாம் என்று அது வழி செய்தது. அந்தச் சட்டத்தின் பிரதான பிரிவுகள் செல்லாது என்று சென்னை ஹைகோர்ட்டு தீர்ப்புச் சொன்னது 2013-ல். நாடகக்காரரும் எழுத்தாளருமான ஞாநி வழக்குத் தொடர்ந்த பிறகு. வெள்ளைக்காரனுடைய 1876-ம் வருஷத்துச் சட்டம் நீக்கப்பட்டது 2018-ல். அதாவது சுதந்திரம் வந்து 70 வருஷங்கள் கழித்துத்தான் நாடகக்காரன் கழுத்திலிருந்து அந்தக் கயிறு கழன்றது.

ஆனாலும் கயிறு ஒன்றல்ல. மத உணர்ச்சியை வேண்டுமென்றே புண்படுத்தினால் தண்டனை என்று 1927-ல் வந்த 295-ஏ பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 299-ம் பிரிவாக நம்பர் மாறி உட்கார்ந்திருக்கின்றது. வேண்டுமென்று கலகம் மூட்டுகிறவனை அடக்கச் சட்டம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் புண்பட்டேன் என்று ஒருவன் சொன்னதே அத்தாட்சி என்று ஆகிவிட்டால், கறுப்புப் பாத்திரத்தைப் பார்த்து வெள்ளை ஓடு என்று அழுத தேவசோமையின் சாட்சியத்துக்கும் அதற்கும் என்ன பேதம்? இன்று மகேந்திரன் உயிரோடு வந்து தன் நாடகத்துக்குப் புதிதாக ஒரு நோட்டீஸ் ஒட்டினால், வேள்விச் சாலையைக் கள்ளுக்கடை என்றவன், பிக்குவைக் குடிக்கு ஆசைப்பட வைத்தவன், சிவனடியாரைக் கள்வெறியில் தள்ளாட வைத்தவன் என்று அவன்மேல் எத்தனை ஊரில் எத்தனை வழக்கு வரும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே நமது யோசனையைச் சொல்லுகிறோம். திருச்சியிலுள்ள வாலிபர் சங்கங்களும், கல்லூரி மாணவர்களும், நாடகப் பிரியர்களும் சேர்ந்து மத்தவிலாசத்தை ஆட முன்வர வேண்டும். மயிலை சீனி. வேங்கடசாமி இதைத் தமிழாக்கித் தந்திருக்கின்றார். அதைப் படித்துவிட்டு, நம் ஊர்ப் பேச்சில், காஞ்சித் தெருவில் ஜனங்கள் பேசியிருக்கக்கூடிய தமிழில் வசனம் எழுதிக்கொள்ளலாம். கொட்டகையும் வேண்டாம், டிக்கெட்டும் வேண்டாம். மலைக்கு அடியிலோ, காவேரிக் கரையிலோ, முனிசிபல் பூங்காவிலோ, வெட்டவெளியில் விளக்கு வைத்து ஆட வேண்டும். வெட்டவெளி என்பதை நாம் அழகுக்காகச் சொல்லவில்லை. வாசல் இல்லாத இடத்தில் வாசற்காவல் இருக்க முடியாது. யாருக்கு முன்வரிசை, யாருக்குப் பின்வரிசை, யார் வெளியே நிற்பது என்ற கணக்கு அங்கே எடுபடாது. காய்கறிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண்பிள்ளை அரைமணி நேரம் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். அந்த ஒரு சிரிப்புக்கு 1,400 வருஷம் காத்திருந்தது அந்த நாடகம் என்றே நாம் கருதுவோம்.

ஒரு நிபந்தனை உண்டு. மகேந்திரன் விட்ட குறையை நாம் தீர்க்க வேண்டும். பெண்ணுக்கு ஒரு பாஷை, ஆணுக்கு ஒரு பாஷை என்பதை ஒழித்துத் தேவசோமைக்கும் சரிசமமான பேச்சுக் கொடுக்க வேண்டும். கள்ளுக்கடைக்குப் பக்கத்தில் அரண்மனையையும் ஒரு ஓரத்தில் காட்ட வேண்டும். இன்று இல்லாத காபாலிகனைக் கேலி செய்வதோடு நின்றுவிட்டால் அதில் தைரியம் ஒன்றும் இல்லை. செத்த பாம்பை அடிக்கிற வீரம் நமக்கு வேண்டாம். இன்றைக்குக் கோடிக்கணக்கில் பணம் சேர்த்துக்கொண்டு, துறவைப் பற்றி உபதேசம் செய்கிற நாகசேனர்கள் எந்த மதத்தில் இருந்தாலும் சரி, அவர்களுக்கும் மேடையில் இடம் இருக்கட்டும்.

நம்மவர்களுக்கும் இடம் இருக்கட்டும். இதைச் சொல்லும்போது சில தோழர்கள் முகம் சுளிப்பார்கள் என்பது தெரியும். மேடையில் பகுத்தறிவு பேசிவிட்டு, மகள் கல்யாணத்துக்கு இரகசியமாக ஜோசியனைக் கூப்பிடுகிறவர் நம்மில் இல்லையா? சாதி ஒழிய வேண்டும் என்று கைதட்டிவிட்டு, வீட்டுக்குப் போனதும் சம்பந்தி என்ன சாதி என்று விசாரிக்கிறவர் இல்லையா? ராகு காலத்தில் கூட்டம் ஆரம்பித்துவிட்டு, ராகு காலத்தில் கடை திறக்க மாத்திரம் தயங்குகிறவர் இல்லையா? இவர்களில் ஒருவரைப் பைத்தியக்காரனுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தினால் நாடகத்துக்குச் சுவை கூடுமே தவிரக் குறையாது. பிறரைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவன், தன்னைப் பார்த்துச் சிரிக்கும்போது கூட உட்கார்ந்து சிரிக்க வேண்டும். அப்படிச் சிரிக்க முடியாதவன் புதிதாக ஒரு மதம் ஏற்படுத்திக்கொண்டவனே ஆவான். அவன் கையிலும் ஒரு மண்டையோடு இருக்கிறது, அவ்வளவுதான்.

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? உண்மையான பக்தியுடையவர்களுக்கு இந்த நாடகத்தால் ஒரு நஷ்டமும் இல்லை. போலியைக் கேலி செய்தால் அசலுக்குக் கோபம் வருவானேன்? அப்படி வந்தால் அது தன்னை அசல் அல்ல என்று காட்டிக்கொடுப்பதாகத்தானே அர்த்தம்? 1,400 வருஷங்களுக்கு முன்பு ஒரு அரசன் ஒரே காலத்தில் கோயிலும் குடைந்தான், கேலியும் எழுதினான். இரண்டும் ஒரே மனிதனிடத்தில் இருந்திருக்கின்றன. அவன் குடைந்த கோயிலுக்கு முன்னால் இன்றும் கும்பிடத் தயாராக இருக்கிறவர்கள், அவன் எழுதிய கேலியைக் கேட்டு ஒரு மணி நேரம் சிரிக்கவும் தயாராக இருக்க வேண்டும். அவன் கையால் வந்ததில் பாதி புனிதம், பாதி குற்றம் என்று பிரிப்பதற்கு இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

மலைக்கோட்டைப் பாறை அங்கேயே இருக்கின்றது. காவேரியும் தண்ணீர் வந்தால் ஓடுகின்றது. நாடகம் புத்தகத்தில் இருக்கின்றது. சட்டத்தின் பழைய கயிறுகளில் இரண்டு அறுந்துவிட்டன. இனி வேண்டியது ஆட முன்வரும் ஏழெட்டு இளைஞர்களும், நின்று பார்க்க ஒரு ஊருமே. தொலைந்த ஓட்டை இவ்வளவு காலமும் பண்டிதர்களும் சாமியார்களும் தேடியாயிற்று. இனி நம் திருச்சி இளைஞர்கள், பைத்தியக்காரர்கள் என்ற பட்டம் கிடைத்தாலும் பரவாயில்லை என்று, ஒரு மாலைப் பொழுது தேடிப் பார்க்கட்டும்.